மலை ஏறியவர்கள் எங்கே? பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பெயர் இல்லாத கல்லறைகள்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் மணம் நினைவுக்கு வரும்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். மேற்கே திரும்பினால் மலை. அந்த மலையில் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது. ஏலம் விடப்படுகிறது. இங்கிருந்து வடநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. வீட்டில் பாயசத்துக்குத் தட்டிப் போடும் ஏலக்காய் இந்த மலையில் விளைந்ததாக இருக்கலாம்.

போடியில் இருந்து மலைக்கு இப்போது நல்ல பாதை இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். அதிகாலையில் ஜீப்புகள் புறப்படுகின்றன. தோட்ட வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியுடன் நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள். மாலையில் திரும்பி விடுகிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் போனவர்களும் உண்டு. அவர்கள் ஜீப்பில் போகவில்லை. நடந்தே போனார்கள். பலர் திரும்பி வரவே இல்லை.

அவர்கள் யார்? ஏன் போனார்கள்? அங்கே இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள்?

இதற்குப் பதில் தேடினால், கதை 1876-ம் ஆண்டில் போய் நிற்கிறது.

தாது வருஷப் பஞ்சம்

அது தாது வருஷம். அந்த ஆண்டு மழை பொய்த்தது. மறு ஆண்டும் மழை சரியாக இல்லை. குளம் வற்றியது. கிணறு வற்றியது. மாடுகள் செத்தன. விதை நெல்லையும் ஜனங்கள் சமைத்துச் சாப்பிட்டு விட்டார்கள். அதன் பிறகு சமைக்க ஒன்றும் இல்லை.

நாட்டில் தானியமே இல்லையா? இருந்தது! ஆனால் அது ஏழைக்கு எட்டவில்லை. விலை மளமளவென்று ஏறியது. வயலில் வேலை இல்லாத கூலிக்காரன் கையில் காசு ஏது? பஞ்ச காலத்திலும் இந்தியாவில் இருந்து தானியம் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போய்க் கொண்டிருந்தது. வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்பது வெள்ளைக்கார சர்க்காரின் கொள்கை.

1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி டெல்லியில் பெரிய தர்பார் நடந்தது. விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆனதாக அங்கே அறிவித்தார்கள். ராஜாக்கள் யானை மீது வந்தார்கள். விருந்து நடந்தது. அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் வழியில் விழுந்து செத்துக் கொண்டிருந்தார்கள்.

பஞ்ச நிவாரண வேலைகள் தொடங்கின. ரோடு போடுவது, கால்வாய் வெட்டுவது போன்ற வேலைகள். அதற்குக் கூலி எவ்வளவு தெரியுமா? சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். ஓர் ஆண் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஓர் அணா. இதை வாங்கிக் கொண்டு நாள் முழுவதும் மண் சுமக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்த அளவு சாப்பாட்டில் உழைக்கிறவன் உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகு கூலி உயர்ந்தது. ஆனால் அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும், அதோடு வந்த காலரா, அம்மை, காய்ச்சலிலும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

வயிறு காட்டிய வழி

உயிர் பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

கால் போன போக்கில் நடந்தார்கள். சிலர் கடல் தாண்டி இலங்கைக்குப் போனார்கள். சிலர் பர்மாவுக்குப் போனார்கள். வேறு சிலர் மேற்கே நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே மலை இருந்தது.

அந்த மலை ஆள் இல்லாத மலை அல்ல. முதுவர், மன்னான், பளியர் முதலிய மலை ஜனங்கள் காலம் காலமாக அங்கே வாழ்ந்து வந்தார்கள். ஏலக்காயும் விளைந்தது. ஆனால் அந்த நாளில் ஏலக்காய் திருவிதாங்கூர் சர்க்காரின் தனிச் சொத்து. விளைந்ததை எல்லாம் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே 1877-ம் ஆண்டில் மலையில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு அரசரிடம் இருந்து குத்தகைக்கு வாங்கினார். அதுதான் இன்றைய மூணாறு பகுதி. 1879-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். காடு அழிந்தது. காபி நட்டார்கள். சிங்கோனா நட்டார்கள். பிறகு தேயிலை நட்டார்கள்.

மேலே முதலாளிக்கு ஆள் வேண்டும். கீழே ஆளுக்குச் சோறு வேண்டும். இரண்டுக்கும் நடுவே வந்து நின்றவர் கங்காணி.

கங்காணி ஊருக்கு வருவார். முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் பெரும்பாலும் பழைய கடனைத் தீர்க்கவும் வழிச் செலவுக்குமே சரியாகி விடும். மலைக்குப் போய்ச் சேருமுன்பே கூலிக்காரன் கடன்காரன் ஆகி விடுவான். கடன் அடையும் வரை இறங்கி வர முடியாது. நிலம் இல்லாத ஏழைகளும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஜாதிகளைச் சேர்ந்தவர்களுமே பெரும்பாலும் போனார்கள்.

போடி வழி

மூணாறுக்குப் போகும் பழைய வழிகளில் முக்கியமானது போடி வழி. போடியில் இருந்து குரங்கணி, கொட்டகுடி. அங்கிருந்து செங்குத்தான ஏற்றம். மேலே டாப் ஸ்டேஷன்.

அந்த நாளில் போடிக்கு ரெயில் கிடையாது. மதுரையில் இருந்து போடிக்கு ரெயில் வந்ததே 1928-ல்தான். அதற்கு முன் அம்மையநாயக்கனூர் ரெயில் நிலையத்தில் இருந்து மாட்டு வண்டிதான். ஏழைக்கு அதுவும் இல்லை. கால்நடைதான்.

தலையில் சட்டி பானை. இடுப்பில் குழந்தை. அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். மேலே போகப் போகக் குளிர் நடுக்கும். சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் புதிது. அட்டைக் கடி புதிது. விடாத மழை புதிது. போர்த்திக் கொள்ளக் கம்பளி கிடையாது.

பிறகு கொட்டகுடிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே கம்பிவடப் பாதை அமைத்தார்கள். தேயிலைப் பெட்டி அதில் தொங்கிக் கொண்டே கீழே இறங்கியது. மலை மீது சின்ன ரெயில் கூட ஓடியது. 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரெயிலை அடித்துக் கொண்டு போய் விட்டது. தேயிலைப் பெட்டி இறங்க வழி செய்தார்கள். மனிதர்கள் நடந்துதான் ஏறினார்கள்.

ஒரு கல்லறையின் கதை

மூணாறில் குன்றின் மேல் பழைய மாதா கோவில் ஒன்று இருக்கிறது. 1910-ம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் கோவிலுக்கு முன்பே அங்கே ஒரு கல்லறை வந்து விட்டது.

அது எலனார் இசபெல் மே என்ற இங்கிலீஷ்காரப் பெண்ணின் கல்லறை. தோட்டத்தின் மானேஜரான நைட் என்பவரின் மனைவி. புதுமணப் பெண். மூணாறுக்கு வந்த சில நாட்களில், 1894-ம் ஆண்டு டிசம்பர் மாதம், காலராவுக்குப் பலியானார். "நான் இறந்தால் இந்தக் குன்றில் என்னைப் புதையுங்கள்" என்று அவர் விளையாட்டாகச் சொல்லி இருந்தாராம். கணவர் அப்படியே செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

படிக்கும்போது மனம் கசிகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கல் இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் வருகிறவர்கள் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

காலராவுக்கு முதலாளி, தொழிலாளி என்ற பேதம் கிடையாது. அதே மலையில், அதே நோயில் தமிழ்க் கூலிப் பெண்களும் செத்தார்கள். அவர்களும் யாரோ ஒருவரின் மனைவிதான். யாரோ ஒருவரின் மகள்தான். அவர்களைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மேலே ஒரு செடியோ, ஒரு சாதாரணக் கல்லோ வைத்திருப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடம் தெரியாது.

அணைக்குப் பக்கத்தில் ஓர் இடுகாடு

போடிக்குத் தெற்கே, கம்பம், கூடலூர் தாண்டி மலை ஏறினால் முல்லைப்பெரியாறு அணை. அதுவும் பஞ்சத்தோடு சம்பந்தப்பட்டதுதான்.

மேற்கே வீணாகக் கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்பது பழைய ஆசை. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாததால் கைவிட்டார். 1850-ல் வேலை தொடங்கியது. காய்ச்சல் வந்து தொழிலாளர்களை விரட்டி விட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை கண்ட சாவுக்குப் பிறகுதான், இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று சர்க்கார் உணர்ந்தது.

கர்னல் பென்னிகுக் பொறுப்பை ஏற்றார். 1887-ல் வேலை தொடங்கியது. வெள்ளம் பல முறை வந்து கட்டியதை அடித்துக் கொண்டு போனது. திரும்பவும் கட்டினார்கள். 1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் இன்றும் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன.

அந்த அணையைக் கட்டும்போது நோயில் மட்டும் மாண்டவர்கள் 483 பேர்! அணைக்கு வடக்கே காட்டுக்குள் அவர்களின் இடுகாடு இருக்கிறது.

அவர்களைக் கொன்றது பெரும்பாலும் மலேரியாவும் காலராவும். மலேரியா எப்படி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டர்களுக்கே தெரியாது! கெட்ட காற்றினால் வருகிறது என்று நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் செகந்திராபாத்தில் சான்று கண்டது 1897-ல். அணை கட்டி முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு! ஒரு கொசுவலை காப்பாற்றி இருக்கக் கூடிய உயிர்கள் எத்தனையோ!

பென்னிகுக்கை ஜனங்கள் மறக்கவில்லை. கூடலூர் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2013-ல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதி, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. நன்றி மறக்காத ஜனங்கள்!

ஆனால் அந்த 483 பேர்? அவர்களில் ஒருவர் பெயரையாவது ஊரில் சொல்லக் கூடியவர் உண்டா? அணைப் பகுதி பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கிறது. நினைத்தவுடன் போய் ஒரு பூப் போட்டு விட்டு வர முடியாது.

அயர்லாந்தில் இருந்து ஒரு பாடம்

பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடியவர்கள் தமிழர்கள் மட்டும் அல்ல. அயர்லாந்து நாட்டிலும் இதே கதை நடந்தது. தாது வருஷத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு!

அங்கே ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு. 1845-ல் கிழங்குச் செடியில் ஒரு நோய் வந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அங்கும் வெள்ளைக்கார சர்க்கார்தான். அங்கும் தானியம் கப்பல் ஏறி வெளியே போனது. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள்.

கனடாவுக்குப் போன கப்பல்களில் விஷக் காய்ச்சல் பரவியது. கியூபெக் பக்கத்தில் குரோஸ் ஈல் என்று ஒரு தீவு. 1847-ல் அங்கே இறக்கப்பட்டவர்களில் 5 ஆயிரம் பேருக்கு மேல் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். 1909-ல் அங்கே பெரிய கல் சிலுவை ஒன்றை நட்டார்கள். பிறகு, இறந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்துக் கண்ணாடிப் பலகையில் எழுதி வைத்தார்கள்.

அதை விட உருக்கமானது மான்ட்ரீல் நகரக் கதை. 1859-ல் அங்கே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிக் கொண்டிருந்தார்கள். மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அவை, காய்ச்சலில் மாண்ட ஐரிஷ் அகதிகளின் எலும்புகள். சுமார் 6 ஆயிரம் பேர் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள்.

பாலம் கட்டிய தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. ஆற்றுக்குள் இருந்து ஒரு பெரிய பாறையைத் தூக்கி வந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். இங்கே புதைந்தவர்களை யாரும் அவமதிக்கக் கூடாது என்று அதில் பொறித்தார்கள். அந்தப் பாறை இன்றும் நிற்கிறது.

அதை நட்டவர் ராஜா அல்ல. மந்திரி அல்ல. கூலிக்காரர்கள்! கூலிக்காரர்களுக்குக் கூலிக்காரர்கள் வைத்த கல் அது.

கல் நடுவது தமிழனுக்குப் புதிதா?

கல் நட்டு, இறந்தவர் பெயரை எழுதும் வழக்கம் தேனி மாவட்டத்துக்குப் புதிது அல்ல. ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஒரு கிராமம். 2006-ல் அங்கே நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்கள். தமிழின் மிகப் பழைய எழுத்தில் எழுதியவை.

ஒரு கல்லில் ஒரு வீரனின் பெயர் இருக்கிறது. அந்தவன் என்பது அவன் பெயர். கூடல் ஊர் என்ற இடத்தில் ஆநிரை கவர்ந்த சண்டையில் மாண்டவன். மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்தவன் பெயரை 2 ஆயிரம் ஆண்டு காத்த மண் இது!

வயிற்றுக்காக மலை ஏறிச் செத்தவர்கள் அவனுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

பெட்டிமுடி

இது பழங்கதை என்று தள்ளி விட முடியாது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் கொட்டும் மழையில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர்கள் தூங்கிக் கொண்டிருந்த நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை.

அவர்கள் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தில் இருந்து தலைமுறைகளுக்கு முன் மலைக்குப் போன குடும்பங்கள். உடல்களை ராஜமலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டு 6-ந் தேதி உறவினர்கள் அங்கே கூடுகிறார்கள். பெயர் சொல்லி அழுகிறார்கள்.

பெயர் தெரிந்ததால்தான் பெயர் சொல்லி அழ முடிகிறது. தாது வருஷத்தில் போனவர்களுக்கு அந்தக் கண்ணீரும் கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்தே தொடங்கலாம்

கல் நடுவதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். ஆனால் பெயரைக் காப்பாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம்.

போடியிலும், தேவாரத்திலும், கம்பத்திலும், கயத்தாறிலும் மலைக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டால் ஏதாவது ஒரு பெயர் வரும். "எங்க அப்பத்தாவோட அப்பா மலைக்குப் போனவரு. திரும்பி வரலே" என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பேரன் பேத்தி பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தால் போதும். பெயர், ஊர், போன இடம். மூன்றே மூன்று விவரம்.

அந்த நாளில் மலை ஏறியவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் கட்டை விரல் ரேகையோ, ஒரு கீறலோதான் அவர்களின் அடையாளம். இன்று அவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். எழுதத் தெரிந்ததற்கு இதை விட நல்ல பயன் எது?

ஜனவரி 15-ந் தேதி பென்னிகுக் பெயரால் பொங்கல் பொங்கும்போது, பக்கத்தில் ஒரு சின்னப் பானையும் வைக்கலாம். அந்த 483 பேருக்காக, போடி வழியே ஏறிப்போய்த் திரும்பாதவர்களுக்காக, அது பொங்கட்டும்.

பசியால் ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்கள் பெயரால் ஒரு பிடி சோறு இலையில் விழுந்தால், அதை விடப் பெரிய கல்லறை வேண்டாம்.